மின்சாரத்துக்கும் வேண்டும் முத்திரை மரக்கால்!

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பாட்டிமார் நமக்குச் சொல்லித் தந்த பாடம். ஆற்றில் போட்ட பொருள் திரும்பி வரப்போவதில்லை. அதற்கு விலை தருவாரும் இல்லை. கணக்குக் கேட்டு வாசலில் நிற்பாரும் இல்லை. ஆயினும் அளந்து போடு என்றனர். ஏன்? கொடுத்தது எவ்வளவு என்று அறியாதவன், இருப்பது எவ்வளவு என்றும் அறியமாட்டான். இருப்பை அறியாதவன் வீட்டில், நாளை உலை ஏறுமா ஏறாதா என்பது நாளைக்குத்தான் தெரியும்!

இந்தப் பழமொழியை இன்று எடுத்துரைக்கக் காரணம் உண்டு, தோழர்களே! மின்துறையை நவீனமாக்கப் போகிறோம் என்ற முழக்கம் நாடெங்கும் கேட்கிறது. வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர், ஊருக்கு ஊர் சூரிய மின்சாரம், கணக்கெல்லாம் கணிப்பொறியில் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். "இந்தக் கருவி வந்துவிட்டால் கடன் தீரும், களவு தீரும், இருட்டும் தீரும்" என்று மார்தட்டுவோர் ஒரு சாரார். "மீட்டர் என்ற பேச்சே வேண்டா; அது உழவன் கழுத்துக்கு வருகிற கயிறு" என்று கொதித்தெழுவோர் மற்றொரு சாரார். இந்த இரண்டாம் சாராரில் நம் தோழர்கள் பலர் இருக்கின்றனர். அவர்தம் அச்சம் பொய்யன்று. அதற்கு வேரும் உண்டு, வரலாறும் உண்டு. ஆனால் அந்த அச்சத்திலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவு சரிதானா? அதைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையில் நாம் அமர்ந்து ஆராய வேண்டும்.

களத்துமேடு கற்பித்தது

1940களில் கீழத்தஞ்சைப் பண்ணையாட்கள் சங்கம் கண்டு தலை நிமிர்ந்த காலத்தை நம் மூத்த தோழர்கள் வாய்மொழியாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். சாட்டையடி கூடாது, சாணிப்பால் கூடாது என்ற கோரிக்கைகளோடு இன்னொரு கோரிக்கையும் அன்று எழுந்தது. கூலி நெல்லை முத்திரை மரக்காலில் அளக்க வேண்டும் என்பதே அது.

அந்தக் கோரிக்கையின் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பண்ணையார் வீட்டிலே வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால். குத்தகை நெல் வரும்போது பெரியது வெளியே வரும். கூலி நெல் போகும்போது சின்னது வெளியே வரும். அளக்கிற கையும் அவருடையது, அளவும் அவருடையது, கணக்கும் அவருடையது. வஞ்சிக்கப்பட்ட உழைப்பாளி என்ன கேட்டான்? "மரக்காலே வேண்டா, கண்ணால் பார்த்துக் கொட்டுங்கள்" என்றா கேட்டான்? இல்லை! சர்க்கார் முத்திரை குத்திய மரக்காலை எடு, எல்லோரும் பார்க்க அள என்றான். ஏழைக்கு அளவு பகையன்று, கள்ள அளவே பகை என்பதை எழுதப் படிக்கத் தெரியாத அந்த உழைப்பாளி தெளிவாக அறிந்திருந்தான்.

இன்றைய மின்சார விவகாரத்திற்கும் அந்த அறிவுதான் நமக்கு வழிகாட்டி. கருவி வேண்டுமா வேண்டாமா என்பதில் நம் நேரம் கழிந்துவிடக் கூடாது. முதலில் எதை அளப்பது, அளவுகோல் யார் கையில் இருப்பது, அளந்த கணக்கை யார் பார்ப்பது என்ற மூன்று கேள்விகளே நமக்கு உரியவை.

கம்பி வந்த கதை

பைக்காரா ஆற்று நீர் நீலகிரி மலையிலிருந்து விழுந்து மின்சாரமாகிக் கோவைக்கு வந்தது 1932ஆம் ஆண்டில். அதைத் தொடர்ந்து 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம். அந்தக் கம்பிகள் சென்ற வழியெல்லாம் ஆலைகள் எழுந்தன. கிணறுகளில் கவலை இறைத்து எலும்பு தேய்ந்த மாடுகளுக்கும் மனிதர்களுக்கும் ஓய்வு கிடைத்தது. சென்னை நகருக்கு மின்சாரம் விற்று வந்த வெள்ளைக்காரக் கம்பெனி 1947இல் அரசுடைமை ஆயிற்று. 1948ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டப்படி, 1957 ஜூலை முதல் நாள் மின்வாரியம் பிறந்தது.

வாரியம் பிறந்ததால் என்ன விளைந்தது? கம்பெனி கணக்கு வேறு, வாரியக் கணக்கு வேறு என்பது விளங்கிற்று. நகரத்துப் பெரிய தெருவிலே பத்துக் கம்பம் நட்டால் நூறு வீட்டுக்காரர் பணம் கட்டுவர். மேட்டுக்காட்டுக்குப் பத்துக் கம்பம் நட்டால் நாலு கிணறுகள்தாம் தேறும். லாபம் பார்க்கிறவன் மேட்டுக்காட்டுக்குப் போவானா? வாரியம் போயிற்று. ஊர்த்தெருவுக்கு விளக்கு வந்து பல காலம் கழிந்த பின்னரே சேரித் தெருவுக்குக் கம்பம் நடப்பட்ட ஊர்கள் உண்டு. அந்த வெட்கக்கேட்டை மறைக்க வேண்டியதில்லை. எனினும், கடைசியில் அந்தத் தெருவுக்கும் கம்பி போனது பொதுத்துறை என்ற ஒன்று இருந்ததனாலேதான். குடிசைக்கு ஒரு விளக்கு என்று இலவச இணைப்புக் கொடுத்ததும் அந்தப் பொதுத்துறைதான்.

ஆகவே, "வாரியமா? அது பழங்கால யானை, அதைத் தள்ளிவிட்டுத் தனியாரிடம் கொடுங்கள்" என்போரிடம் நாம் பணிந்து பேச வேண்டிய தேவையில்லை. பிற மாநிலங்களைப் பார்த்தாலே போதும். ஒடிசாவில் 1999ஆம் ஆண்டு மின்வினியோகத்தைத் தனியார் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தனர். அதே ஆண்டு பெரும்புயல் வந்து கம்பங்களைச் சாய்த்தது. போட வேண்டிய முதலீட்டைப் போடவில்லை, குறைக்க வேண்டிய இழப்பைக் குறைக்கவில்லை என்று, 2015இல் மூன்று கம்பெனிகளின் உரிமத்தை ஒழுங்குமுறை ஆணையமே ரத்து செய்தது. பதினாறு ஆண்டுகள் பரிசோதனைக் கூடமாக இருந்து அல்லற்பட்டது அந்த மாநிலத்து மக்கள்!

இழப்பு யார் பெயரில்?

ஆனால், தோழர்களே, பொதுத்துறை நம்முடையது என்பதாலேயே அதன் குறையை நாம் மூடி மறைக்கலாகாது. நம் வீட்டுக் கூரை ஒழுகினால் நாம்தான் முதலில் ஏற வேண்டும்.

மின்சாரம் விளைகிற இடத்திலிருந்து விளக்கெரிகிற இடம் வரையில் எத்தனையோ கைகள் மாறி வருகிறது. மின்நிலையத்திலிருந்து துணைமின் நிலையம். அங்கிருந்து பீடர் என்று ஊழியர் வழங்கும் மின்வழி. அதிலிருந்து தெருவோர மின்மாற்றி. அதிலிருந்து வீடு, கடை, கிணறு. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கசியும். கம்பி சூடேறிக் கசிவது இயற்கை; பழைய கம்பியும் சுமை மீறிய மின்மாற்றியும் அளவுக்கு மேல் கசியவிடுவது அலட்சியம்; கொக்கி போட்டு எடுப்பது களவு. இம்மூன்றும் எவ்வெவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு கட்டத்திலும் அளவு வேண்டும்.

இங்கேதான் உழவனின் கதை வருகிறது. 1970ஆம் ஆண்டு, மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த விவசாயிகள்மீது பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது; மூவர் மாண்டனர். அந்தக் குருதி காய்ந்துவிடவில்லை. 1972இல் கோவையின் சாலைகளை மாட்டு வண்டிகள் நிறைத்தன. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமாயிற்று. இன்று தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் உள்ளன. மின்சாரச் சட்டம் 2003இன் 55ஆம் பிரிவு, மீட்டர் வழியாகவே மின்சாரம் வழங்க வேண்டும் என்கிறது. உழவன் ஏன் அதைக் கேட்டு நடுங்குகிறான்? இன்று மீட்டர் வரும், நாளை பில் வரும் என்று அவன் அனுபவம் சொல்கிறது. அந்த அச்சத்தைக் கேலி செய்கிறவன் பெருமாநல்லூரை அறியாதவன்.

அப்படியானால் அளவே வேண்டா என்று விட்டுவிடலாமா? விட்டதனால் விளைந்தது என்ன என்று பாருங்கள். பெரும்பாலான பம்புசெட்டுகளுக்கு மீட்டர் இல்லை. ஆகையால் மாதிரிக்குச் சில இடங்களில் அளந்து, குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று பெருக்கி, ஆண்டுக் கணக்கில் ஒரு தொகையை எழுதுகிறார்கள். அந்தத் தொகை மதிப்பீடு, அளவன்று. ஒரு விளக்கத்துக்காகச் சொல்கிறேன்: ஒரு மின்வழியில் ஆயிரம் யூனிட் போயிற்று, வீடும் கடையும் எடுத்தது ஐந்நூறு யூனிட் என்று மீட்டர் சொல்கிறது. மீதி ஐந்நூறு? கிணற்றில் இறைத்தது முந்நூறாக இருக்கலாம். கம்பியில் கசிந்தது நூறாக இருக்கலாம். பக்கத்துக் கல்லுடைக்கும் ஆலைக்காரன் கொக்கி போட்டது நூறாக இருக்கலாம். ஆனால் ஏட்டிலே எழுதுகிறபோது ஐந்நூறும் உழவன் பெயரில் ஏறிவிட முடியும்! பிறகு தலைநகரத்து மேதைகள் அந்த ஏட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இலவச மின்சாரம் நாட்டை விழுங்குகிறது" என்று கட்டுரை எழுதுவார்கள்.

எண்ணிப் பாருங்கள்! அளக்காத காரணத்தால் உழவன் காப்பாற்றப்பட்டானா? அளவு இல்லாத இருட்டிலே அவன்மீது அடுத்தவன் திருட்டும் ஏற்றப்பட வழி திறந்துவிட்டது. முத்திரை மரக்கால் அவனுக்குத்தான் தேவை.

வழி என்ன? கிணற்றுமேட்டுக்குப் போக வேண்டியதில்லை. மின்மாற்றியிலும் மின்வழியிலும் அளவுக் கருவியைப் பொருத்தினால் போதும். இன்ன மின்மாற்றிக்கு உள்ளே போனது இவ்வளவு, அதிலிருந்து பில் ஆனது இவ்வளவு, மீதி இவ்வளவு என்று மாதந்தோறும் தெரிந்துவிடும். குஜராத்தில் 2003ஆம் ஆண்டு தொடங்கி வயலுக்குத் தனி மின்வழி, ஊருக்குத் தனி மின்வழி என்று பிரித்தனர். ஊருக்கு நாள் முழுதும் மின்சாரம் வந்தது. வயலுக்குக் குறித்த நேரத்தில், குறையாத அழுத்தத்தில் வந்தது. அத்திட்டத்திலும் குறை இருந்தது. பிறர் கிணற்று நீரை விலைக்கு வாங்கிப் பயிரிட்ட நிலமற்றோர் நெருக்கடிக்கு ஆளாயினர் என்று ஆய்வாளர்கள் எழுதினர். அந்தக் குறையைக் களைந்து, அந்த நன்மையை எடுத்துக்கொள்ள நமக்கு என்ன தடை?

அளவு மேலே செல்லச் செல்ல இன்னும் பல உண்மைகள் வெளிவரும். 2012ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கும் மேலாக இருட்டு. விசைத்தறிக் கூடங்கள் ஊமையாயின. பம்பு ஓடாமல் பயிர் வாடிற்று. வடக்கே மின்சாரம் இருந்தும் கொண்டுவரப் போதிய கம்பி இல்லை. தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்போடு ஒன்றாக இணைந்தது 2013 டிசம்பர் 31ஆம் நாள்தான். பற்றாக்குறைக் காலத்தில் கொள்ளை விலைக்கு வாங்கினோம், கடன் வளர்ந்தது, கடனுக்கு வட்டி வளர்ந்தது. 2017இல் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது வாரியத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள நேர்ந்தது. இத்தனைக்கும் காரணம் குடிசை வீட்டு விளக்கா? எந்த நாள், எந்த மணி, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினோம் என்ற கணக்கையும் அளந்து மக்கள் முன் வைப்பதே நவீனம்.

காற்றுக்கும் கதிரவனுக்கும் கடிகாரம் உண்டு

கணக்கு இல்லாமல் இனிக் காலம் தள்ள முடியாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு.

1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சோதனையாகச் சில காற்றாலைகள் சுழன்றன. இன்று ஆரல்வாய்மொழிக் கணவாய் தொடங்கிப் பாலக்காட்டுக் கணவாய் வரையில் காற்றாலைக் காடாக நிற்கிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. கரிசல் பூமியில் கதிரவன் விளைகிறான். நிலக்கரியை ஒடிசாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து எரித்துச் சாம்பலை எண்ணூரின் கழிமுகத்தில் கொட்டிய நமக்கு, காற்றும் வெயிலும் வாய்த்தது பெரும்பேறு.

ஆனால் அனல் நிலையம் நாம் சொன்ன நேரத்தில் எரியும். காற்று அதற்கு மனம் வந்தபோது வீசும். ஆடியில் மரத்தைப் பிடுங்குவதுபோல் அடிக்கும். தையில் இலை அசையாது. வெயிலோ, வீடெல்லாம் விளக்கேற்றுகிற வேளை பார்த்து மேற்கே இறங்கிவிடும். காற்று மிகுந்த நாட்களில் வாங்க வழியின்றிக் காற்றாலைகளை நிறுத்தச் சொன்னதும், காற்றில்லாத மாலையில் அதிக விலைக்கு வெளிச்சந்தையில் வாங்கியதும் நம் கண் முன்னே நடந்தவை. எனவே மணிக்கு மணி எவ்வளவு விளைகிறது, எங்கே தேவைப்படுகிறது என்று அறியாத மின்தொகுப்பு இனி வண்டியோட்டியில்லாத வண்டிதான்.

விளைந்ததைச் சேர்த்து வைக்கக் களஞ்சியமும் வேண்டும். அது நமக்குப் புதிதன்று. ஆனைமலைக் காட்டிலே கடம்பாறை நீரேற்று மின்நிலையத்தை நம் வாரியம் கட்டி, 1980களின் இறுதியில் ஓட்டத் தொடங்கிற்று. அதன் திறன் 400 மெகாவாட். மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் நீரை மேலே ஏற்றுவது. பற்றாக்குறை வரும்போது மேல் நீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. அன்று அனல் நிலையங்கள் நள்ளிரவில் வீணாக்கும் மின்சாரத்தைச் சேமிக்க அதைக் கட்டினார்கள். இன்று கதிரவன் உச்சியில் நிற்கும்போது நீரேற்றி, அந்தி சாய்ந்த பின் இறக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. கருவி அதுவே, கடிகாரம் மட்டும் மாறியது. குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று நிலையம் என்ற திட்டம் எடுக்கப்பட்டதும் இதற்காகவே. இத்தகைய பணிகளை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பது, அறுவடை முடிந்த பின் களஞ்சியத்துக்கு அடித்தளம் போடுவதற்கு ஒப்பாகும்.

இதிலே உழவனுக்கு ஒரு நேர்ப் பயன் உண்டு. நெடுங்காலமாக மும்முனை மின்சாரம் அவனுக்குப் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறை வைத்து வந்தது. நடுநிசியில் எழுந்து, கைவிளக்கோடு வரப்பிலே நடந்து, பாம்புக்கும் ஈரக் கம்பிக்கும் தப்பி மோட்டார் போட்ட கதை எந்த ஊரில் இல்லை? வயல் மின்வழியின் தலைமாட்டிலேயே சூரிய மின்நிலையம் அமைத்தால், அவனுக்குப் பகல் மின்சாரம் பகலவனிடமிருந்தே கிடைக்கும். நெடுந்தொலைவுக் கம்பியில் கசிவதும் குறையும். இலவசம் அப்படியே இருக்கும். அதற்கு வாரியம் சுமக்கிற செலவு குறையும். சூழலைக் காப்பதென்றால் ஏழையின் சலுகையைப் பறிப்பதென்று சிலர் நினைக்கின்றனர். அவனை இரவுச் சாவிலிருந்து மீட்பதும் அதனாலேயே கூடும் என்று நாம் காட்டுவோம்.

அளவுகோல் யார் கையில்?

இனி வீட்டு மீட்டருக்கு வருவோம். 2021இல் மத்திய அரசு புதியதொரு மின்வினியோகத் திட்டம் தொடங்கிற்று. நாடெங்கும் 25 கோடி முன்பணக் கட்டண ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவது அதன் இலக்கு. அத்திட்டத்தில் மின்வழிக்கும் மின்மாற்றிக்கும் மீட்டர் பொருத்த இடம் உண்டு. விவசாய இணைப்புகளுக்கு முன்பண மீட்டரிலிருந்து விலக்கும் உண்டு. உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்வோம். ஆனால் வீட்டு மீட்டரை நிறைவேற்ற அவர்கள் வகுத்த முறை என்ன? ஒரு கம்பெனி வரும். தன் முதலைப் போட்டு மீட்டர் பொருத்தும். மீட்டருக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் பல ஆண்டுகள் வாரியத்திடம் வசூலிக்கும். கணக்கு திரட்டும் கருவி கம்பெனி கையில். கணக்குக்குக் கட்டுப்பட்டவர் நாம். பண்ணையார் வீட்டு மரக்கால் நினைவுக்கு வரவில்லையா?

வேறு வழியில்லை என்று சொல்வார்கள். கேரளம் வேறு வழி கண்டது. 2023இல் அம்மாநில அரசு அந்தக் கம்பெனி முறையை ஏற்க மறுத்து, தன் மின்வாரியமே முதலிட்டுத் தன் பொறுப்பிலேயே செய்வதென்று முடிவு செய்தது. தமிழ்நாட்டில் 2024இன் இறுதியில், கேட்ட விலை மிகுதி என்று பெரிய ஒப்பந்தப்புள்ளி ஒன்று ரத்து செய்யப்பட்டது. ஆக, மறுக்கவும் முடியும், மாற்றவும் முடியும்.

முன்பணக் கட்டணம் என்பதையும் ஊன்றிப் பார்க்க வேண்டும். பணம் கட்டத் தவறியவனுக்கும் பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்த பின்னரே இணைப்பைத் துண்டிக்கலாம் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பதினைந்து நாளில் கூலி வாங்கிக் கட்டிவிடுவான் ஏழை. முன்பண மீட்டரோ, பணம் தீர்ந்ததும் தானே அணைத்துவிடும் கருவி. படிக்கிற பிள்ளையின் விளக்கும், மருந்து வைத்த பெட்டியும் அதற்குத் தெரியாது. நேரத்துக்கு ஒரு கட்டணம் என்ற விதி 2023இல் வந்தது: பகலில் மலிவு, மாலையில் ஏற்றம். ஆலைக்காரன் தன் எந்திரத்தைப் பகலுக்கு மாற்றிக்கொள்வான். பகலெல்லாம் வேலைக்குப் போய் அந்தியில் வீடு திரும்பி அடுப்பு மூட்டுகிற தாய், விளக்கேற்றும் வேளையை எதற்கு மாற்றுவாள்?

அதற்காக வீட்டுக்கு நல்ல மீட்டரே வேண்டா என்று சொல்லலாமா? கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிற இம்முறையில், கணக்கெடுப்பு நாலு நாள் தள்ளிப்போனால் 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டில் கட்டணம் எட்டிப் பாய்வதை நடுத்தரக் குடும்பங்கள் அறியும். நாள் தவறாமல் படிக்கும் கருவி அவர்களுக்குத் துணை. எந்தத் தெருவில் மின்சாரம் நின்றது என்று, யாரும் புகார் கொடுக்கு முன்னே அலுவலகத்துக்குச் சொல்லும் கருவியும் நல்லதே. நாம் கேட்பது இதுதான்: கருவி வாரியத்தின் உடைமையாக இருக்கட்டும், முன்பணம் என்பது விரும்புவோர்க்கு மட்டும் இருக்கட்டும், முதல் 100 யூனிட் சலுகையும் சிறு நுகர்வோரின் மாலை விளக்கும் பாதுகாக்கப்படட்டும், மின்மாற்றிக்கும் மின்வழிக்கும் அளவு வைத்து முடித்த பின்னர் வீட்டு வாசலுக்கு வரட்டும்.

கம்பத்தின் மேல் நிற்பவன்

கருவி, கணக்கு, கம்பெனி என்று பேசுகிற எல்லோரும் ஒருவனை மறந்துவிடுகிறார்கள். அவன் கம்பத்தின் மேல் நிற்கிறான்.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் காவிரிப் படுகையைப் புரட்டிப் போட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பிற மாவட்டங்களிலிருந்தெல்லாம் லாரிகளில் வந்திறங்கிய மின் ஊழியர்கள், பள்ளிக்கூடத் திண்ணைகளில் படுத்தெழுந்து, சேற்றிலே கம்பத்தைத் தோளில் சுமந்து, வாரக்கணக்கில் உழைத்து வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எந்தக் கணிப்பொறி அந்தக் கம்பத்தை நட்டது? அவர்களில் எத்தனையோ பேர் நிரந்தர வேலையில்லாத ஒப்பந்தத் தொழிலாளர்.

புதுமை முதலில் அந்தக் கைக்கு வரட்டும். கம்பத்தில் ஏறுமுன் எல்.சி. வாங்குவது என்பது தொலைபேசியில் கேட்கிற ஒரு வார்த்தையாகச் சுருங்கிவிடக் கூடாது. கம்பியில் மின்சாரம் உண்டா இல்லையா என்று காட்டும் கருவி, தரமான கையுறை, தரையிணைப்புக் கோல் ஆகியவை ஒவ்வொரு ஊழியனிடமும் இருக்க வேண்டும். இன்று ஆபத்து இரட்டிப்பாகியிருக்கிறது. முன்னெல்லாம் துணைமின் நிலையத்தில் அணைத்தால் கம்பி செத்துப்போகும். இப்போது வீட்டு ஜெனரேட்டரும், முறையின்றிப் பொருத்திய கூரைச் சூரிய மின்சாரமும் எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பிக்கு உயிர் கொடுத்துவிடக்கூடும். புதிய மின்சாரத்தை வரவேற்கிறோம். அதோடு புதிய பாதுகாப்பும் வர வேண்டும். கருவியே கணக்குப் படிக்கும் நாள் வந்தால் கணக்கெடுப்பு ஊழியனைத் தெருவில் நிறுத்தாதே, பராமரிப்புப் பணிக்குப் பயிற்றுவி என்பதும் நம் கோரிக்கை.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! தீர்மானம் போட்டுக் கலைவதற்கு நாம் கூடவில்லை. ஒவ்வொரு ஊரிலும் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. உங்கள் தெருவுக்கு மின்சாரம் தரும் மின்மாற்றியைப் போய்ப் பாருங்கள். அதற்கு மீட்டர் இருக்கிறதா? இருந்தால் அது ஓடுகிறதா? ஓடினால் அந்தக் கணக்கு எங்கே போகிறது? பிரிவு அலுவலகத்துக்கு நேரே சென்று பணிவோடு, ஆனால் உறுதியோடு கேளுங்கள்: "ஐயா! இந்த மின்மாற்றிக்குள் போன மாதம் எவ்வளவு போயிற்று, எவ்வளவு பில் ஆயிற்று, மீதி எங்கே?" இந்த மூன்று எண்களையும் மாதந்தோறும் அலுவலக வாசலில் பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நியாயவிலைக் கடையில் இருப்பு எழுதி வைக்கக் கேட்டுப் பெற்ற மக்கள், இதையும் கேட்டுப் பெற முடியும்.

முதலில் அவர்கள் சிரிக்கலாம். பிறகு விழிக்கலாம். சில இடங்களில் கொக்கி போட்ட பெரிய மனிதரின் பெயர் வெளிவரும் என்று அஞ்சவும் செய்யலாம். எண் பேசத் தொடங்கினால் பல வாய்கள் அடங்கும். "உழவன் விழுங்கிவிட்டான்" என்ற வாயும் அவற்றுள் ஒன்று.

இலவசம் தொடரட்டும், அது உழவன் வென்ற உரிமை. வாரியம் வாழட்டும், அது மக்கள் கட்டிய வீடு. கருவி வரட்டும்; அது அறிவு தந்த வரம். ஆனால் அளக்கிற கை மக்கள் கையாக இருக்கட்டும். அளவு மேலேயிருந்து தொடங்கட்டும். அளந்தது ஊரறிய எழுதப்படட்டும். களத்துமேட்டிலே தலை நிமிர்ந்து நின்று அன்று அந்தப் பண்ணையாள் கேட்டதையே இன்று நாம் மின்மாற்றியின் கீழே நின்று கேட்போம்: எடு, முத்திரை மரக்காலை!